அந்தோணியார் கையில் பிள்ளை இல்லை

எங்கள் வீட்டு அந்தோணியார் ஒரு சாண் உயரம். தூத்துக்குடியில் வாங்கியது. சென்னையில் கப்பலேறி, நான்கு நாள் வாந்தியும் மயக்கமுமாக, அப்பா மடியை விட்டு இறக்காமல் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சேர்த்த சுரூபம். பழுப்பு அங்கி, வழுக்கையைச் சுற்றி வட்டமாக முடி, ஒரு கையில் லீலிப் பூ, இன்னொரு கையில் குழந்தை சேசு. அந்தக் குழந்தை தனி. என் பெருவிரல் அளவுதான் இருக்கும். அதன் முதுகில் ஒரு துளை, அந்தோணியார் கையில் ஒரு கம்பி. செருகினால் நிற்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். செய்தவன் ஏன் அப்படிச் செய்தானோ, எங்கம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று.

வீட்டில் எது காணாமல் போனாலும் அம்மா வேறெங்கும் தேடமாட்டாள். நேரே போய்க் குழந்தையைக் கழற்றி எங்காவது ஒளித்து வைத்துவிடுவாள். "எம் பொருளக் காட்டும், உம்ம பிள்ளையத் தாரேன்" என்று அந்தோணியாரிடம் கறாராகச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். அவள் பிறந்த வீட்டு வழக்கமாம். காணாமல் போனதை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பதுதானே அவர் வேலை! அவருடைய சங்கீத ஜெபப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய இளம் சந்நியாசி, அவர் ஜெபம் பண்ணின மாத்திரத்தில் பதறியடித்துக்கொண்டு திரும்பி வந்தானாமே. அப்படிப்பட்டவருக்கு எங்கள் வீட்டுக் கம்மல் திருகாணி ஒரு பெரிய விஷயமா?

சொன்னால் சிரிப்பீர்கள், எல்லாம் கிடைத்தது. திருகாணி கிடைத்தது. ராஷன் கார்டு கிடைத்தது. ஒரு தடவை தம்பியின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், பரீட்சைக்கு முதல் நாள், பக்கத்து வீட்டு ஆடு மென்றது போக மீதி கிடைத்தது. கிடைத்ததும் அம்மா குழந்தையை அரிசி டின்னிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, முத்தம் கொடுத்து, மறுபடி செருகுவாள். "ஆள்கடத்தல் கேஸ்ல உன்னைப் பிடிச்சிட்டுப் போகப் போறாங்க பாரு" என்பான் தம்பி. நான் அவனைவிட மோசம். எனக்கு வாய் நீளம். "பாவம்மா அந்த மனுஷன், துறவறம் போயும் ஒரு மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டாரு" என்பேன்.

அப்பா இறந்தபின் நாங்கள் மூன்று பேர்தான். பாம்பூஃப்ளாட்டில் ஜெட்டிக்கு மேலே மேட்டில் தகரக் கூரை வீடு. நான் காலை பெர்ரியில் அக்கரைக்குப் போய்ச் சாத்தத்தில் இறங்கி, பஜாரில் ஒரு பாயின் துணிக்கடையில் நிற்பேன். தம்பி எலக்ட்ரீஷியன். ஒரு காண்ட்ராக்டர் கூட்டிக்கொண்டு போனார் என்று அக்டோபரில் கார் நிக்கோபார் கப்பலேறினான். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னவனுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. இருபத்தி நாலாம் தேதி எதிர்வீட்டுக்குப் போன் போட்டான். "அக்கா, இங்க ஊர் முழுக்க பாட்டும் கூத்துமா இருக்கு. பன்னி அடிச்சிருக்காங்க. நியூ இயருக்கு வாரேன். எனக்கு முறுக்கு எடுத்து வை" என்றான். அம்மா போனைப் பிடுங்கி, "பூசைக்குப் போனியால?" என்று கேட்டாள். அவன் என்ன பதில் சொன்னானோ, லைன் போய்விட்டது.

இருபத்தி ஆறு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடம் திருக்குடும்பத் திருநாள் அன்றைக்கு வந்தது. பூசைக்குப் புறப்பட்டு நான் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. நின்றபாடில்லை. அலமாரியிலிருந்து அந்தோணியார் விழுவதற்குள் அம்மா தாவிப் பிடித்துவிட்டாள். அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். மேட்டில் நின்று கீழே பார்த்தோம். ஜெட்டியை விட்டு ஓட்டமாக ஓடிய தண்ணீர், அப்புறம் வந்தது. வந்த தண்ணீர் பாதி இடத்தில் இன்றுவரை போகவில்லை. வயல் இருந்த இடத்தில், தண்ணீர் ஏறுகிற வேலியேற்றத்துக்கு வேலியேற்றம் கடல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மறுநாள்தான் கார் நிக்கோபாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் அம்மாவும் ஹாடோ துறைமுகத்துக்கும் முகாம் நடக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அலைந்தோம். சுவரில் ஒட்டிய லிஸ்டுகளில் அவன் பெயர் இல்லை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் முகத்தை எல்லாம் அம்மா ஒன்று விடாமல் பார்த்தாள். பெண்கள் முகத்தைக்கூடப் பார்த்தாள். "எம்மா, அது பொம்பளை" என்றேன். "இருக்கட்டும், பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை, இருபத்தி எட்டாம் தேதி, வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் அந்தோணியார் முன்னால் போய் நின்றாள். செவ்வாய் அவருடைய நாள். அதே நாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாளும். ஏரோது ராஜா பெத்லகேமில் பிள்ளைகளை வெட்டிப்போட்ட நாள். அடுத்தவர் கைப்பிள்ளையைப் பிடுங்க அவளுக்கு வேறு நாளா கிடைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்று நினைக்கவில்லை. அம்மா குழந்தையை இழுத்தாள். இழுத்த வேகத்தில் கம்பி அவள் விரலைக் குத்தி ரத்தம் வந்தது.

"உம்ம பிள்ளை எங்கிட்ட இருக்கு. எம் பிள்ளையக் கொண்டாரும். அதுவரைக்கும் தரமாட்டேன்" என்றாள். அதில் கெஞ்சலே இல்லை, சண்டைக்கு நிற்கிற குரல். குழந்தையை எங்கே வைத்தாள் என்று எனக்குக் காட்டவில்லை.

பத்து நாள் கழித்து முகாமில் தம்பியோடு வேலை பார்த்த ஒரு தெலுங்கு மேஸ்திரி கிடைத்தார். தென்னை மரத்தில் ஏறித் தப்பித்த ஆள். நெஞ்சு, தொடை எல்லாம் உரிந்திருந்தது. ஹிந்தியில்தான் பேசினார். "பீச்சே தா, அம்மா. மேரே பீச்சே ஹி தா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பின்னாலேதான் ஓடி வந்தான், திரும்பிப் பார்த்தேன், இல்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். நான் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அம்மா என்னைத் தோளில் பிடித்து உலுக்கி, "என்னத்துக்கு ஒப்பாரி வைக்கே? இல்லன்னுதான சொல்லுதான். செத்தான்னா சொன்னான்?" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம், அந்த ஒரு பேச்சில்தான் அவள் வாழ்ந்தாள்.

அந்தோணியாரிடம் பதின்மூன்று செவ்வாய் தொடர்ந்து வேண்டுவதை நவநாள் என்பார்கள். அம்மாவுக்குப் பதின்மூன்றும் முடிந்தது, நூறும் முடிந்தது. ஒவ்வொரு செவ்வாயும் காலை பெர்ரி பிடித்து, சாத்தத்தில் பஸ் ஏறி, கோவிலில் அந்தோணியார் காலடியில் உட்கார்ந்துவிட்டு வருவாள். ஜூன் பதின்மூன்று அவர் திருநாளுக்கு ரொட்டி வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பாள். வழியில் மற்றவர்களையும் விடுவதில்லை. ஜனவரியில் அம்பு பட்ட செபஸ்தியார், அக்டோபர் கடைசியில் கைவிடப்பட்ட காரியங்களுக்கு யூதா ததேயு, டிசம்பரில் கடலைத் தாண்டி வந்த சவேரியார். சவேரியார் சிலுவை கடலில் விழ, நண்டு கொண்டுவந்து கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. அதை அவள் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "நண்டுகூட கொண்டு வந்து குடுத்திருக்கு பிள்ள" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்தோணியார் கரையில் நின்று பிரசங்கம் வைத்தபோது மீன்கள் வரிசையாகத் தலையைத் தூக்கிக் கேட்டதாமே, அந்த மீன்களிடம் என் தம்பியைப் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் இல்லையா?

எனக்கு வேறொரு பயம் இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத பயம். உயிரோடு இருக்கிறவனைத்தான் அந்தோணியார் தேடித் தருவார். செத்தவனுக்கு அந்தோணியாரால் என்ன செய்ய முடியும்? செத்தவனுக்குத் தேவை பூசை. சின்ன வயதிலிருந்து ஞானோபதேசத்தில் கேட்டதுதான்: பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கும் ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே ஒன்றும் செய்துகொள்ள முடியாது, நாம் வேண்டினால்தான் விடுதலை. தம்பி சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை மாதமோ. சாகும்போது அவஸ்தைப்பூசுதல் இல்லை, அடக்கம் இல்லை, ஒரு பிடி மண் இல்லை. ஊரில் எல்லா ஆத்துமாக்களுக்கும் யாராவது ஒரு திரி கொளுத்துகிறார்கள். அவன் மட்டும் அங்கே, என் வீட்டில் ஒருத்தரும் என்னைச் செத்தவனாகக்கூட எண்ணவில்லையே என்று கிடந்தால்? இதுதான் என்னைத் தின்றது. நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் இது இன்னும் கூடும்.

எங்கள் கோவிலில் அந்த நாளுக்கு முந்தின வாரமே பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்துவிடுவார்கள். வீட்டில் இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் போடவேண்டும். நவம்பர் மாதம் முழுக்க அந்தப் பெட்டி பீடத்தடியில் இருக்கும், எல்லாப் பூசையும் அந்தப் பெயர்களுக்குச் சேரும். வருடாவருடம் அம்மா அப்பா பெயரை மட்டும் எழுதச் சொல்லுவாள். எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இன்னொரு பெயர் எழுதிவிடக் கூடாதே என்று.

மூன்றாம் வருடம் நான் கேட்டேவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சுனாமிக்குப் பிறகு தீவில் எல்லோருமே சில மாதம் மீன் வாங்கவில்லை. கடல் எதை எதைத் தின்றதோ என்று ஒரு அருவருப்பு. பிறகு மறந்துபோய்ப் பழையபடி வாங்க ஆரம்பித்தோம். எனக்குக் குழம்பு வைத்துக் கொடுப்பாள் அம்மா, அவள் தொடமாட்டாள். கடற்கரையில் பிறந்தவள், முள்ளைக்கூட உறிஞ்சித் துப்புகிறவள், மூன்று வருடமாக ரசமும் அப்பளமும் தின்றுகொண்டிருந்தாள்.

"எம்மா, இந்த வருசம் அவன் பேரையும் எழுதிருவோம்" என்றேன்.

"எதுக்கு?"

"ஒருவேளை போயிருந்தா… அவனுக்கு யாரும்மா வேண்டுவா?"

"அவன் உசுரோட இருக்கான். உசுரோட இருக்கிறவனுக்குக் கல்லறைச் சீட்டு எழுதுவியா? நீயெல்லாம் கூடப்பொறந்தவளா?"

அந்த வார்த்தை என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. தட்டிலிருந்த சூரைத் துண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். "உசுரோட இருக்கான்ல? அப்ப தின்னு. ஏன் திங்கமாட்டேங்கிற? கடலுக்குள்ள யாரு இருக்கான்னு பயப்படுற? தின்னு பாப்போம்!"

சொன்ன வாய் அழுகிப் போயிருக்கக் கூடாதா? அம்மா என்னைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கினாள். வாயில் போட்டாள். மென்றாள். கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது, மெல்லுவதை நிறுத்தவில்லை. முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "தின்னுட்டேன். போதுமாட்டி?" என்றாள். எழுந்து புழக்கடைக்குப் போய் வாந்தி எடுத்தாள். குடல் வெளியே வந்துவிடும் போல எடுத்தாள். நான் தலையைப் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

ஆனால் பயம் நிற்கவில்லையே. ஐந்தாம் வருடம், அக்டோபர் கடைசி ஞாயிறு, அம்மா மெழுகுதிரி வாங்க வெளியே போயிருந்த நேரம், கோவில் பெஞ்சிலேயே வைத்து இன்னொரு சீட்டு எழுதினேன். அப்பா பெயர், கீழே தம்பி பெயர். நான்காக மடித்துப் பெட்டியில் போட்டேன். பெட்டிக்குள் போனால் போனதுதான், யாரும் பிரிக்கமாட்டார்கள், அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை, அவனுக்கும் ஒரு மாதப் பூசை சேர்ந்துவிடும். அன்று பெர்ரியில் வரும்போது மனசு லேசாக இருந்தது. எனக்குள் என்ன புத்திசாலித்தனம் என்று இருந்தது!

அந்த வருடம் புதுச் சாமியார் வந்திருந்தார். நல்ல மனுஷன். பெயர்களைப் பெட்டியில் பூட்டி வைப்பானேன், நம் சொந்தங்களை நாம் வாய்விட்டு நினைப்போம் என்று நினைத்திருக்கிறார். நவம்பர் இரண்டாம் தேதி மாலைப் பூசையில் உபதேசியாரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக வாசிக்கச் சொன்னார். நான் அம்மா சேலையைப் பிடித்து இழுத்தேன். "எம்மா, எனக்குத் தலைசுத்துது, வெளிய போவோமா" என்றேன். "அப்பா பேரு வரட்டும், இரு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை வருடம் கழித்து அப்பா பெயரைக் கோவில் மைக்கில் கேட்கப்போகிறாளே.

முதலில் அவள் எழுதச் சொன்ன சீட்டு வந்தது. அப்பா பெயர். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நாலைந்து சீட்டுகள் போனபின் மறுபடி அப்பா பெயர் வந்தது. அம்மா, "ரெண்டு தடவ வாசிக்காரே" என்று என் பக்கம் திரும்பினாள். திரும்பின முகத்தோடுதான் அடுத்த பெயரைக் கேட்டாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கையிலிருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். பூசை முடியும்வரை முழங்காலில் இருந்தாள். பெர்ரியில் என்னைவிட்டுத் தள்ளி நின்றாள். எவனோ ஒருவன், "பைட்டோ மா ஜி" என்று இடம் கொடுத்தான், உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியின் தகரப்பெட்டியைத் திறந்தாள். அவனுடைய நீலச் சட்டையை எடுத்தாள், கார் நிக்கோபாருக்கு எடுத்துப்போக மறந்துபோன சட்டை. அதன் பையிலிருந்து குழந்தை சேசுவை எடுத்தாள். ஐந்து வருடமாக அங்கேதான் வைத்திருந்திருக்கிறாள். முந்தானையால் துடைத்தாள். இந்தத் தடவை முத்தம் கொடுக்கவில்லை. அந்தோணியார் கையில் செருகினாள். கம்பி துருப்பிடித்திருந்ததால் லேசில் ஏறவில்லை. அழுத்தி, திருகி, நேராக நிறுத்திவிட்டு, "வச்சுக்கிடும். உம்மையும் உம்ம பிள்ளையையும் பிரிச்சு வச்ச பாவம் எனக்கு எதுக்கு" என்றாள்.

"எம்மா, எம்மா" என்று காலைப் பிடித்தேன். "நான் அவன் நல்லதுக்குத்தாம்மா…"

"தெரியும்" என்றாள். "போய்ப் படு."

மறுநாள் செவ்வாய். அம்மா பெர்ரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் புதன்கிழமை போனாள். புதன், சேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பருக்கு. கேட்டவர்களுக்கு நல்ல மரணம் கொடுப்பவர் அவர். சேசுவும் மாதாவும் இரண்டு பக்கமும் இருக்க, பிள்ளை மடியில் செத்தவராயிற்றே. செவ்வாய்க்கும் புதனுக்கும் ஒரே நாள்தான் வித்தியாசம். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் தேடுவதை விட்டுவிட்டு, தான் போய்ச்சேருவதற்குக் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

நான்கு மாதம் கேட்டாள். டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லையே, சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்கள். மார்ச்சில், சூசையப்பர் திருநாளுக்கு நவநாள் தொடங்கிய புதன்கிழமை, காலைக் காப்பியைப் பாதி குடித்துவிட்டு வைத்தவள் எழுந்திருக்கவில்லை. கொடுத்து வைத்தவள், சூசையப்பர் கைவிடவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான்தான் கொன்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அது பாவமில்லை மகளே, அன்பினால் செய்தது என்றார் சாமியார். அவருக்கு என்ன தெரியும்? பெட்டியைத் திறந்ததே அவர்தானே.

அடக்கம் முடிந்து வந்த பிறகு வீட்டில் ஒரு யோசனை என்னைப் பிடித்தது, இன்றுவரை விடவில்லை. இனி அவனுக்காகக் காத்திருக்க உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அவன் செத்திருந்தால் சரி. ஒருவேளை, ஒரே ஒருவேளை, நினைவு தப்பியோ, எந்தக் கரையிலோ ஒதுங்கியோ இருந்து, ஒருநாள் ஜெட்டியிலிருந்து இந்த மேட்டில் ஏறி வந்தால்? அவனைச் செத்தவர்கள் கணக்கில் சேர்த்தவள் வந்து கதவைத் திறக்க வேண்டும். ஐந்து வருடம் அம்மா எப்படி இருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கை இருந்ததா தெரியாது. மீனைத் தொடாதவளுக்கு என்ன நம்பிக்கை! தேடுவதற்கு ஒருத்தி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு கோவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா பெயர் எழுதினேன். அம்மா பெயர் எழுதினேன். பேனாவை மூடினேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற உபதேசியார் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி பேரு விட்டுட்டியேம்மா" என்றார்.

"அவன் பேரு இதுல வராதுங்க" என்றேன்.

சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன். பூசையில் கடைசியாக, யாருமே நினைக்காத ஆத்துமாக்களுக்காக என்று சாமியார் ஒரு மன்றாட்டு சொல்வார். எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வோம். அந்த இடத்தில் மட்டும் நான் கண்ணை மூடி, சத்தமாக, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவன் அங்கே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்தோணியார் கையிலிருந்த குழந்தையைப் பிடித்து இழுத்தேன். துருவேறிய கம்பி விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் கம்பியும் சேர்ந்து வந்துவிட்டது, அவர் கையில் கொஞ்சம் சுண்ணாம்பு உடைந்தது. நீலச் சட்டைப் பையில் குழந்தையைப் போட்டு, பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"உம்ம பிள்ளை எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்றேன். "எங்கம்மா பிள்ளை எங்கே?"